இடது காலில் சிவப்பு

மகளின் மோட்டார் சைக்கிள் அவளை விட வயதானது. வெலிமடையில் உருளைக்கிழங்கு வியாபாரம் செய்த ஒருவர் ஓட்டிக் களைத்த வண்டி. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்ததும், பஸ்ஸை நம்பினால் இரண்டாம் பாடத்துக்குத்தான் போய்ச் சேரலாம் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. ஆகவே அதைக் கழற்றிப் பூட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஒரு பொருள் ஏன் அசைகிறது, ஏன் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் குறையும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கால்களை ஃபோர்க் என்பார்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், அந்த எண்ணெய் வெளியே வராமல் தடுக்க ஒரு ரப்பர் சீல். பளபளப்பான குழாய் அந்த சீலுக்குள் ஏறி இறங்குகிறது. வலது கால் எப்போதும் உலர்ந்தே இருந்தது. இடது கால் மட்டும் கசிந்தது. பிரேக் தட்டு இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

பதுளையில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் வைத்து முதல் தடவை கழற்றினேன். எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து, சக்கரத்தை எடுத்து, மேல்மூடியை முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தேன். ஸ்பிரிங் முகத்தில் பாய்ந்துவிடும் என்று பயம். பழைய எண்ணெய் சேற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது. புதிய சீலை பிவிசி குழாய்த் துண்டால் தட்டி உட்கார வைத்தேன். புதிய எண்ணெயைப் பிசகில்லாமல் அளந்து ஊற்ற வேண்டுமென்று பாணி மருந்துக் கோப்பையை எடுத்ததற்கு மனைவி இன்றுவரை ஏசுகிறாள்.

அன்று பிற்பகல் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு உள்ளே திரும்பினேன். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். திரும்பிப் பார்த்தால் விறாந்தையில் ஆள் இல்லை. வண்டியின் முன்பக்கம் ஒரு விரலளவு உயர்ந்து நின்றது. ஹேண்டில் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி ஓய்ந்தது. புதிய சீல் குழாயை இறுகப் பிடித்திருக்கும், பிடி தளர்ந்ததும் ஸ்பிரிங் உந்தும், காற்று வெளியேறும். அவ்வளவுதான். இதை மனதுக்குள் சொல்லி முடித்தேன். என்றாலும் அன்று அதற்குப் பக்கத்தில் போகவில்லை.

ஒரு மாதம் ஆகவில்லை. ஒரு காலை, முதல் பாடம் தொடங்குகிற நேரத்தில் கைபேசி அடித்தது.

“அப்பா, பதறாதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல.”

அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரால் பதறாமல் இருக்க முடியும்?

“பிரேக் புடிக்கல. வளைவுல நேரா தேயிலைக்குள்ள போயிட்டேன். செடி நிப்பாட்டிச்சு.”

“எந்தச் செடி?”

“அப்பா! செடிக்குப் பேரா கேக்குறீங்க?”

அவள் சிரித்தாள். நான் வகுப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்த வளைவை எனக்குத் தெரியும். அங்கே தேயிலை ஒரு நிரைதான். அதற்கப்பால் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைகள் தீப்பெட்டி அளவில் தெரியும்.

சிறிய லொறியில் வண்டி வீட்டுக்கு வந்தது. இடது காலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வடிந்து பிரேக் தட்டில் பரவியிருந்தது. கோடு சிவப்பாக இருந்தது. நான் ஊற்றியது தேன் நிற எண்ணெய். துரு என்று நினைத்துக் குழாயை விரலால் தடவினேன். கண்ணாடி போல வழவழத்தது. சீலை நெம்பி எடுத்தபோது அதன் உதட்டில் சிவப்பாக ஒன்று அப்பி இறுகியிருந்தது. நசுக்கி முகர்ந்தேன். கோயில் மணத்தது.

குங்குமம். அதன் நுண்ணிய துகள்கள் சீலை அராவியிருக்கின்றன.

“நான் வைக்கல,” என்றாள் மகள். மனைவியும் இல்லையென்றாள். வீட்டில் வேறு யாரும் கிடையாது. கழுவித் துடைத்து நான் பூட்டிக் கொடுத்த காலில், நாள்தோறும் யாரோ விரல் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு புதிய சீலைப் போட்டபின் லீவு எடுத்துக்கொண்டு நானே ஓட்டிப்போனேன். மகள் பின்னால் இருந்தாள். “அப்பா, சைக்கிள்காரர் முந்திப் போறாரு,” என்று வழியெல்லாம் கேலி. பாடசாலைக்குப் படிகள் ஏற வேண்டும் என்பதால், அவள் வண்டியைக் கீழே, மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்தில் விடுவாள். அவள் படியேறிப் போனாள். நான் சுவரோரம் நின்றேன். மூடுபனி முற்றத்தின் விளிம்பைத் தின்றுகொண்டிருந்தது, அதற்கப்பால் பள்ளம்.

சுவரடியில் ஒரு பழைய இரும்புச் சக்கரமும் சூலமும் இருந்தன. சக்கரம் முழுக்கக் குங்குமம். தோட்டத்தில் சக்கரத்தை ரோதை என்பார்கள். அதைக் காக்கிற சாமி ரோதைமுனி. பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும், கையில் பாடசாலை கூட்டுகிற விளக்குமாறு. கற்பூரம் கொளுத்தினாள். சக்கரத்தில் விரலைத் தேய்த்தாள். நேராக வண்டியிடம் வந்து, அது சாய்ந்திருந்த இடது பக்கம் குனிந்து, சீலுக்கு மேலே குழாயைச் சுற்றி அழுத்தமாகப் பூசினாள்.

நான் முன்னால் வந்தேன். அவள் திடுக்கிடவில்லை.

“டீச்சரோட அப்பாங்களா? மூக்கப் பாத்தாலே தெரியுதுங்க.”

“இத நீங்கதான் வைக்கிறீங்களா?”

“நான் வைக்காம வேற யாருங்க வைப்பா? ஒங்க பொண்ணு சாமிய திரும்பிக்கூட பாக்காம ஓடுது. ரோதை உள்ளதெல்லாம் அவருக்குச் சொந்தங்க.”

“வேற எடத்துல வைக்கலாமே. முன் லைட்டுல வைங்க.”

“லைட்டு என்ன ரோதையா?” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உசிரு இந்தக் கால்லதாங்க இருக்கு. ஆளு ஏறாமலே மூச்சு வுடுது. நீங்க கேட்டதில்லயா?”

கேட்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. சீல், ஸ்பிரிங், உள்ளே அடைபட்ட காற்று என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“காத்துதாங்க. மூச்சுன்னா என்னங்க, காத்துதானே?”

அப்போதுதான் வண்டி மூச்சு விட்டது. நீண்ட மூச்சு. முன்பக்கம் எழுந்தது. ஹேண்டில் தானாகத் திரும்பியது, பள்ளத்தின் பக்கம். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காரணம் எனக்குத் தெரியும். காரணம் தெரிந்த ஒருவனின் கைமயிர் ஏன் எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

“எங்க வீட்டுக்காரரு இங்க மெசின் ரூம்ல வேல செஞ்சாருங்க,” என்றாள். “தெனம் வேலைக்கு முன்னுக்கு ரோதைக்கு நான்தான் வைப்பேன். ஒரு நாள் புள்ளைக்குக் காய்ச்சல், நான் வரல. அன்னைக்கு ரோதை அவரு கைய உள்ளுக்கு இழுத்து, ஆளையே எடுத்துக்கிச்சுங்க.” விளக்குமாற்றை மற்றக் கைக்கு மாற்றினாள். “டீச்சருக்கு அப்பிடி ஆகக்கூடாது.”

அதன் பிறகு உண்மையைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. ஆனால் அந்த வளைவில் ஒரு நிரைத் தேயிலைதான் இருக்கிறது. சொன்னேன். இந்தக் குங்குமம்தான் சீலை அறுத்தது. எண்ணெய் பிரேக்கில் இறங்கியது. அதனால்தான் அன்று வண்டி நிற்கவில்லை.

அவள் முகம் வெளிறியது. குனிந்து சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினாள். போதும் என்றேன், கேட்கவில்லை. குழாயில் ஒரு புள்ளி சிவப்புகூட மிஞ்சாதபடி துடைத்தாள்.

“இனி வைக்கலங்க,” என்றாள். “அப்ப இனி யாருங்க பாத்துக்கிறது?”

“நான் பாத்துக்கிறேன்.”

“தெனமும்?”

“தினமும்.”

“ஒரு நாளும் வுட்டுறாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போனாள்.

அன்றிலிருந்து சீல் கசியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும், மகள் தலைக்கவசம் மாட்டுவதற்கு முன், சுத்தமான துணியால் முதலில் இடது குழாயையும் பிறகு வலதையும் துடைக்கிறேன். விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

“அப்பா, கும்புட்டு முடிஞ்சுதா? நேரமாச்சு,” என்பாள் அவள்.

போன கிழமை எனக்குக் கடுமையான காய்ச்சல். மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது விறாந்தை வெறுமையாக இருந்தது, குழாயை நான் துடைத்திருக்கவில்லை. அவள் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன். எத்தனை தடவை அழைத்தேன் என்று தெரியாது. கடைசியில் எடுத்தாள்.

“வகுப்புல நிக்கிறேன்பா. என்ன விஷயம்?”

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. ஒன்றுமில்லை என்றேன். வைத்துவிட்டேன். பிறகு, அவள் திரும்பி வருகிற வழியிலும் அந்த வளைவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.