நீலம் ஏறாத தண்ணீர்

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மருந்துச் சாலையில் வேலை பார்த்தவள் தனலெட்சுமி. முதலில் கொழுந்து பறித்தவள்தான். புருஷன் காசநோயில் கிடந்த இரண்டு வருஷமும் அவள் அவனைப் பார்த்துக்கொண்ட விதத்தைக் கண்ட டிஸ்பென்சர் பரமலிங்கம், அவன் போன பிறகு அவளை மருந்துச் சாலைக்கு எடுத்துக்கொண்டார். ஊசிகளைக் கொதிக்க வைப்பது, தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவுவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது என்று நாள் ஓடியது. வீட்டில் அவளும் எட்டு வயது மகள் பவளமும் மட்டும்.

ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழி மழையில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த மண்கரை சரிந்து, கக்கூஸ் கழிவு போகிற கான் உடைந்தது. அந்த அழுக்கு, குடிதண்ணீர் டேங்கிக்கு வருகிற ஊற்றில் கலந்ததை யாரும் கவனிக்கவில்லை. தை பிறப்பதற்குள் நாலு பேர் நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டில் விழுந்தார்கள். பரமலிங்கம் அவர்களைத் தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். நனைந்த விறகில் சோறு வேகவே பாதிநாள் போகிறது, தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் டேங்கியிலேயே பிளீச்சிங் பவுடர் போட முடிவாயிற்று. தினமும் காலையில் பெரட்டுக்கு ஆள் சேர்வதற்கு முன்னே தனலெட்சுமி மேலே ஏறி, பொடியை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, தெளிவை மட்டும் டேங்கியில் ஊற்ற வேண்டும்.

முதல் நாள் பரமலிங்கமும் கூட வந்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் டேங்கித் தண்ணீரைப் பிடித்து, சின்னப் போத்தலிலிருந்து நாலு சொட்டு விட்டார். தண்ணீர் பளிச்சென்று நீலமானது.

"நீலம் வந்தால் மருந்து இருக்கெண்டு அர்த்தம். கிருமி தங்காது" என்றார்.

லயத்தில் யாருக்கும் அந்தப் பொடியின் வாடை பிடிக்கவில்லை. தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்து ஒன்பது வருஷமாகியிருந்தது. இந்த மண்ணில் தங்களை வேண்டாதவர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைப் பொடி பெண்களின் வயிற்றைக் காயவைக்கத்தான் என்று யாரோ சொன்னார்கள். ஐந்தாம் நாள் நல்லையாவின் மனைவி ஜெயலெட்சுமிக்கு நாலு மாதக் கரு கலைந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை தனலெட்சுமி டேங்கிப் பாதையில் ஏறும்போது நல்லையா தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் கத்தியோடு குறுக்கே நின்றான்.

"அக்கான்னுகூடப் பாக்க மாட்டேன். இனி அந்தப் பொடியத் தண்ணியில கலந்த, கைய வெட்டிப்புடுவேன். ஒனக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

தன் கையைவிட, கடைசியாக அவன் சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது. அன்று பொடியைக் கானுக்குள் கொட்டிவிட்டு வெறும் வாளியோடு இறங்கினாள்.

"மருந்து விட்டாச்சோ?" என்று பரமலிங்கம் கேட்டார்.

"விட்டாச்சுங்க ஐயா."

நாலு நாள் இதே பொய். கான் ஓரத்துத் தேயிலைச் செடி இரண்டு கருகத் தொடங்கியதைப் பார்த்து, கொட்டிய பொடியை மண் அள்ளிப்போட்டு மூடினாள். பவளத்துக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் கொதிக்க வைத்தாள். டேங்கித் தண்ணீர் வந்து விழும் பீலிக்கரையில் பெண்கள் குடம் நிறைக்கும்போது அந்தப் பக்கம் தலை திருப்ப அவளால் முடியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் நல்லையா மருந்துச் சாலைக்கு ஓடிவந்தான். அவனைக் கண்டதும் அவள் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவனோ அவளைப் பார்க்கவேயில்லை.

"ஐயா, ஜெயலெட்சுமிக்கு மேலெல்லாம் நெருப்பாக் கொதிக்குது. பெனாத்துறா. வாங்கய்யா!"

பரமலிங்கம் போய்ப் பார்த்துவிட்டு, லொறிக்கு ஆள் அனுப்பினார். பிறகு குவளையையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே டேங்கிக்கு ஏறினார். தனலெட்சுமி பின்னால் போனாள். நல்லையாவும் வந்தான். நாலு சொட்டு விழுந்தது. தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னும் நாலு சொட்டு. ஒரு நிறமும் ஏறவில்லை.

"எத்தினை நாளாப் போடேல்லை?"

"நாலு நாளுங்க ஐயா."

"ஏன்?"

நல்லையாதான் சொன்னான். "நான்தாங்க. வெட்டுவேன்னு சொன்னேன். இந்தப் பொடியாலதான் கரு போச்சுன்னு..."

"பொடியால இல்லையடா. அந்தக் காய்ச்சல் அப்பவே அவளின்ரை உடம்பிலை இருந்திருக்கு. கரு கலைஞ்சது அதாலைதான். இந்தத் தண்ணியைக் குடிச்சு பத்துப் பதினைஞ்சு நாளுக்குப் பிறகுதான் அது வெளியிலை தெரியும்." அவர் தனலெட்சுமியின் பக்கம் திரும்பினார். "இந்த நாலு நாளும் குடிச்ச ஆக்களுக்கு என்னெண்டு, இனித்தான் தெரியும்."

அவளுக்கு அடி கிடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாளிலிருந்து பொடியைச் சரியாகப் போட்டாள். நல்லையா தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆனால் அந்த நாலு நாளை எதைப் போட்டும் கழுவ முடியாது. லயத்தில் யாராவது இருமினால் அவள் காது நிமிர்ந்தது. வேலைக்கு வராதவர்களின் வீட்டு வாசலில் ஏதாவது சாக்குச் சொல்லி எட்டிப்பார்த்தாள். பவளத்தின் நெற்றியை நாளுக்குப் பத்துத் தடவை தொட்டாள்.

பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் கவ்வாத்துக்காரர் சின்னராசா தலைவலி என்று படுத்தார். அடுத்த நாள் ஒரு பெண்ணும் படுத்தாள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஜெயலெட்சுமியும் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். சின்னராசாவுக்குக் குடலில் இரத்தம் கசிந்து, பதுளை ஆஸ்பத்திரியிலேயே உயிர் போனது.

"அந்த நாலு நாள் தண்ணிதானுங்களா ஐயா?" என்று தனலெட்சுமி பரமலிங்கத்திடம் கேட்டாள்.

"நிச்சயமாச் சொல்லேலாது. இருக்கலாம்." பிறகு, "பயமெண்டால் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தனலெட்சுமி" என்றார்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் சின்னராசாவின் மனைவி அங்கம்மாவிடம் போய், நல்லையாவின் பெயரை இழுக்காமல், தான் பொடியைக் கொட்டியதையும் பொய் சொன்னதையும் சொன்னாள். அங்கம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"எதுக்கு எங்கிட்ட வந்து சொன்ன? தெரியாம இருந்திருந்தா அந்தக் காய்ச்சல வைஞ்சுக்கிட்டே காலத்த ஓட்டியிருப்பேன். இப்ப ஒன்னயில்ல வையணும்."

ஆனால் வையவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு தனலெட்சுமியோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை; லயத்தில் வேறு யாரிடமும் விஷயத்தைச் சொன்னதாகவும் தெரியவில்லை.

அறுபத்திரண்டில் புது டேங்கியும் குழாயும் வரும்வரை தனலெட்சுமி ஒரு காலையும் தவறாமல் மேலே ஏறினாள். ஊற்றி முடித்துவிட்டுப் பீலிக்கரைக்கு இறங்கி வரும்போது அங்கம்மா குடத்தோடு நின்றால், அவள் நிறைத்துக்கொண்டு போகும்வரை தூரத்திலேயே நிற்பாள்.