கழுவி அனுப்பிய எச்சில்

இந்த ஊரில் எச்சிலைத் தபாலில் அனுப்புகிறார்கள். டொராண்டோவில் நான் வேலை செய்யும் பரிசோதனைக்கூடத்துக்குக் காலையில் வரும் உறைகளைப் பிரித்தால் சின்னச் சின்னக் குழாய்கள். உள்ளே இரவு பதினோரு மணிக்கு யாரோ மென்று ஊறவைத்த பஞ்சு. ராத்திரியில் அடங்க வேண்டிய கார்டிசால் என்ற சுரப்பு அடங்கியிருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் முகம் வீங்கும், உடம்பு ஊதும், தெம்பு போய்விடும், சின்னக் காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் குமட்டியது. யார் வாய் வைத்த டம்ளரையும் உடனே கழுவிக் கவிழ்க்கும் அம்மா வளர்த்த பெண் நான்.

2002இல் எங்கள் ஊர் கடப்பாக்கத்திலிருந்து தங்கை ஸ்டெல்லாவின் போட்டோ வந்தது. முழுநிலா மாதிரி முகம். "இன்னாடி, நல்லா சதை போட்டுகினு கீற!" என்று போனில் கேலி செய்தேன். நான் அனுப்பும் பணத்தில் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று உள்ளூரப் பெருமை வேறு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"சோறே எறங்கலக்கா. படி ஏற முடில," என்றாள். வீங்கிய முகம், போன தெம்பு: தினமும் குழாய்களில் நாங்கள் தேடுவது இதைத்தானே? மேலதிகாரி மார்கரெட்டிடம் கெஞ்சி ஒரு குழாய் வாங்கி, ஊருக்குப் போன கல்பாக்கத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பதினோரு மணி, பல் துலக்காதே, இரண்டு நிமிஷம் மெல்லு என்று எல்லாம் சொன்னேன். சென்னையில் பெரிய டாக்டரைப் பார் என்றதற்கு, "மொதல்ல உன் டெஸ்ட்டு வரட்டும்க்கா" என்று காத்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்து கல்பாக்கத்துக்காரர் திரும்பக் கொண்டுவந்த குழாயை மார்கரெட் சோதித்தார். "இதில் எதுவுமே இல்லை, புதுப் பஞ்சு போலிருக்கிறது. உன் தங்கைக்கு விருப்பமில்லையோ?"

அன்றே போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். "மென்னுதாண்டி குடுத்தா. பெரிய மனுசரு கைல எச்சியவா குடுக்கறது? நல்லா கழுவி, வெயில்ல காய வச்சி குடுத்தேன்."

மார்கரெட்டுக்கு இதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அம்மாவைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. "ஆமாம், விருப்பமில்லை" என்றேன். நானே இன்னொரு குழாய் வாங்கித் தபாலில் அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, ஸ்டெல்லா போய்விட்டாள். அத்தனையும் சொன்ன நான் 'கழுவாதே' என்று மட்டும் சொல்லவில்லை.

அவளுடைய முப்பதாம் நாள் சர்ச் பூசைக்கு ஊருக்குப் போனபோது சமையலறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் காய்ந்த கஞ்சியோடு இருந்தது. பழக்கத்தில் கழுவ எடுத்தேன்.

"அத்த வெச்சிடு," என்றாள் அம்மா. "அவ வாய் வச்சி குடிச்சது."

வைத்துவிட்டு விமானம் ஏறினேன். இங்கே தினமும் காலையில் யார் யாருடைய எச்சிலுக்கோ பெயர் எழுதி ஒட்டுகிறேன். என் தங்கையுடையது அங்கே அலமாரியில், பெயர் ஒட்டாமல் இருக்கிறது.