இறங்கத் தெரியாதவன்

சைக்கிளில் ஏறத் தெரியாதவர்கள் உண்டு, ஓட்டத் தெரியாதவர்கள் உண்டு. நான் இறங்கத் தெரியாமல் அவமானப்பட்டவன். அதுவும் பதினைந்து வருடம் சைக்கிள் மிதித்த பிறகு, இருபத்தேழாவது வயதில். அதனால் எனக்கு வரவேண்டிய பெண்ணும் வராமல் போகப் பார்த்தாள்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நெடுங்காட்டிலிருந்து காரைக்காலில் உள்ள ஓர் அரசு அலுவலகத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தேன். பஸ் இருந்தது. ஆனால் வருமோ வராதோ என்று ஒன்றுக்காக நின்றுகொண்டிருப்பது என் குணத்துக்கு ஒத்துவராது.

அந்த வருடம் வரிச்சிக்குடியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். சம்பந்தத்தைக் கொண்டுவந்தது என் அத்தை. பெண்ணின் அப்பா சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர். அளந்துதான் பேசுவார். காபி கொடுத்த பெண் உள்ளே போகாமல் அங்கேயே நின்று, "நெடுங்காட்டுலேருந்து தினமும் சைக்கிள்லயா போயிட்டு வர்றீங்க?" என்று நேராக என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். "எதிர்காத்து அடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றாள். இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "மிதிப்பேங்க" என்றேன். சிரித்துவிட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பா மட்டும், "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அந்தப் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் பெரியப்பா மகன் பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவார்களாம். எனக்காக ஒரு ஜோடி ஷூவும் ஒரு ஜோடி பெடலும் கொண்டுவந்திருந்தான். பெடலைப் பார்த்தால் எலிப்பொறி மாதிரி இருந்தது, கால் வைக்க இடமே இல்லை. ஷூவின் அடியில் விரல்களுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கட்டி துருத்திக்கொண்டிருந்தது. பார்சல் நசுங்காமலிருக்க வைத்தது போலிருக்கிறது என்று நினைத்து, கத்தியை எடுத்து அதை நெம்பத் தொடங்கினேன். அவன் ஓடிவந்து கத்தியைப் பிடுங்கினான்.

என் அப்பா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாட்டுக்கு அடிக்கிற லாடத்த மனுசனுக்கு அடிச்சிருக்கானுவ" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு லாடம் என்றே பெயர்.

"லாடத்த பெடல்ல வச்சு மிதிச்சா மாட்டிக்கும். குதிகால வெளிப்பக்கமா திருப்புனா கழண்டுக்கும். அவ்ளோதான்" என்றான் அவன்.

"எதுக்குடா மாட்டிக்கணும்?"

"கால மேல தூக்கறப்பவும் பெடல இழுக்கலாம்ல. எதிர்காத்துக்கு இதாண்டா மருந்து."

எதிர்காற்று என்றதும் எனக்கு வரிச்சிக்குடி ஞாபகம் வந்துவிட்டது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

"எறங்கணும்னா?"

"திருப்பு."

"திடீர்னு எறங்கணும்னா?"

"திடீர்னு திருப்பு."

மறுநாள் காலை அவன் மனைவி வீட்டுக்குப் புதுச்சேரிக்குப் போய்விட்டான். நான் சைக்கிள் கடையில் பெடலை மாற்றிக்கொண்டு, வீட்டுச் சுவரைப் பிடித்தபடி பழகினேன். இருபது முறை மாட்டினேன், இருபது முறையும் கழன்றது. இவ்வளவுதானா என்று இருந்தது.

ரோட்டில் அது வேறு கதை. வேகத்தைச் சொல்லவில்லை. வேகம் அருமையாக இருந்தது, என் பழைய கறுப்புச் சைக்கிளுக்கு வயது பாதியாகக் குறைந்துவிட்டது. சங்கடம் என் கால்களில் இருந்தது. எங்கள் ஊர் எல்லையில் வாய்க்கால் ஓரமாக ஒரு பிடாரி கோயில் இருக்கிறது. அதைத் தாண்டும்போது சைக்கிளில் போகிறவன் காலைச் செருப்பிலிருந்து மேலே உருவிக்கொண்டு, நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போவான். பதினைந்து வருடமாக நானும் அப்படித்தான் போனேன். முதல் நாள் காலை கோயில் வந்ததும் கால் தானாக மேலே எழும்பப் பார்த்தது. எழும்பவில்லை. இழுக்க இழுக்கப் பெடல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தாயே, மன்னித்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அலுவலகத்தில் சுற்றுச்சுவரைப் பிடித்து நின்று சாவகாசமாகத் திருப்பியபோது சுலபமாகக் கழன்றது. அப்படியானால் கோயிலில் ஏன் வரவில்லை? அறிவுள்ளவன் அன்றைக்கே பழைய பெடலை மாட்டியிருப்பான். எனக்குப் பிடிவாதம் அதிகம்.

நெடுங்காட்டிலிருந்து காரைக்காலுக்குப் போகிறவன் வழியில் வரிச்சிக்குடி வராது. மூன்றாம் நாள் நான் சுற்றிக்கொண்டு போனேன். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே மதகடியில், ரோட்டின்மேல் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார் பெண்ணின் அப்பா. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். பெரியவர்களை ரோட்டில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, கண்டதும் உடம்பு தானாக இறங்கிவிடும். என் உடம்பும் இறங்கத்தான் பார்த்தது. காலை மேலே உருவினேன், வரவில்லை. "வணக்கங்க" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டேன். அடடா என்று திருப்பிக்கொண்டு வந்தேன். மறுபடியும் உருவினேன், மறுபடியும் வரவில்லை, மறுபடியும் "வணக்கங்க." அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் அகலம். அவரைச் சுற்றி மூன்று முறை வந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வணக்கம். அவர் கழுத்து என்னோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தது. உள்ளே, வெளியே, குதிகால், விரல் எல்லாம் என் தலைக்குள் குழம்பிப் போயின. நாலாவது சுற்றுக்கு வெட்கம் விடவில்லை. "ஆபீசுக்கு நேரமாச்சுங்க" என்று கத்திவிட்டுக் காரைக்காலைப் பார்த்துப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள். "வேணாம்னுட்டாங்க. பெரிய மனுசனக் கண்டா சைக்கிள விட்டு எறங்கத் தெரியாத பையனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்னுட்டாரு."

அப்பா என்னைப் பார்த்தார். "மூணு தடவ சுத்துனியாமே. அவரு என்ன நவக்கிரகமாடா?"

ஷூ பெடலோடு ஒட்டிக்கொண்டது என்று அத்தையிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒட்டிக்கும்னு தெரியுதுல்ல, அப்பறம் ஏன்டா போட்டுக்கிட்ட?" என்றாள். அன்று சோறு இறங்கவில்லை. செய்த தப்புக்குத் தண்டனை என்றால் வாங்கிக்கொள்ளலாம். மரியாதை செய்யத் தவித்துத்தானே அவரை மூன்று முறை சுற்றினேன்? அதற்கா என்று அழுகையே வந்துவிட்டது.

வாயால் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, நேரில் போய்க் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் போகிற இடத்தில் விழுந்து வைக்கக் கூடாதே என்று ஒரு வாரம் வெறி பிடித்தவன்போலப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஷூவை மாட்டிக்கொண்டு வரிச்சிக்குடிக்குப் புறப்பட்டேன்.

அவர் வீட்டு வாசலில் மாட்டுக்குக் கழனித்தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கதவோரமாக அவள் நிற்பது தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன், குதிகாலை வெளியே திருப்பினேன், டக்கென்று கழன்றது. இன்னொரு காலும் டக். அப்படி ஓர் இறங்கலை என் வாழ்நாளில் நான் இறங்கியதில்லை. "வணக்கங்க, அன்னிக்கு இந்த ஷூ மாட்டிக்கிச்சுங்க, அதான் எறங்க முடியல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப நல்லாத்தானே எறங்குனீங்க?" என்றார்.

முடியாது என்று காட்ட வந்தவன், முடியும் என்று காட்டிவிட்டு நிற்கிறேன். பழகினேன் என்றேன். பழகினால் வரும் என்றால் அன்றைக்கும் வந்திருக்க வேண்டுமே என்றார். அன்றைக்குப் பழகவில்லை என்றேன். பழகாமல் ஏன் ரோட்டுக்கு வந்தீர்கள் என்றார். அவர் கேட்டதெல்லாம் நியாயம். நான் சொன்னதெல்லாம் உண்மை. இரண்டும் எங்கேயும் சந்திக்கவில்லை. லாடத்தைக் காட்டலாம் என்று ஒற்றைக் காலைத் தூக்கினேன், பெரியவர் முன்னால் காலைத் தூக்குகிறோமே என்று உடனே கீழே போட்டேன். அவர் மாட்டின் பக்கம் திரும்பிவிட்டார்.

"வர்றேங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினேன். கண் மங்கியது. வலது கால் மாட்டியது, இடது கால் மாட்டியது. பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன். அவருக்கு என்ன தோன்றியதோ, கோபம் இருந்தாலும் வாசலுக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று நினைத்திருக்கலாம். "தம்பி, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

பெரியவர் கூப்பிட்டுவிட்டார். ஒரு வாரப் பழக்கம் ஒரு நொடியில் பறந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்தேன், காலை மேலே உருவினேன். சைக்கிள் நின்றது. நின்ற சைக்கிளோடு நானும் அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்து, கழனித்தொட்டிக்குப் பக்கத்துச் சேற்றில் விழுந்தேன். மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

அவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார். என்னோடு சைக்கிளும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டு என் காலைப் பிடித்து இழுத்தார். பெடல் விடவில்லை. "என்னங்க இது, நெசமாவே புடிச்சிருக்கு!" என்றார். நான் உள்பக்கம் என்று சொன்னேனா, வெளிப்பக்கம் என்று சொன்னேனா, எனக்கே தெரியாது. அவர் எல்லாப் பக்கமும் முறுக்கிப் பார்த்தார்.

"அப்பா, இழுக்காதீங்க" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "குதிகால வெளிய திருப்புங்க. வந்து எறங்குனப்ப அப்படித்தான் திருப்புனாங்க."

நான் இறங்கியபோது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் என் காலைப் பார்த்திருக்கிறாள்.

அவர் சேற்றில் குந்தி உட்கார்ந்து, என் குதிகாலை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து வெளியே திருப்பினார். டக். ஷூவெல்லாம் சேறு. தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றி அதைத் துடைத்தவர், துடைத்துக்கொண்டிருந்த கையைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மணவறையில கழுவ வேண்டிய கால இப்பவே கழுவ வச்சிட்டீங்களே மாப்ள" என்றார்.

கதவோரத்தில் வளையல் சத்தம் கேட்டது, நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் உள்ளே ஓடிவிட்டாள். மாப்ள என்ற சொல் என் காதில் விழுந்தது, ஆனால் மண்டைக்குப் போய்ச் சேரவில்லை. நான் சேற்றில் கிடந்தபடியே, "இன்னொரு காலும் மாட்டியிருக்குங்க" என்றேன்.