நாற்பத்தொன்றாம் எண் வீடு காலி

என் அம்மா மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் "உங்க அம்மாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் "போஸ்மேன்" என்பேன். வகுப்பே சிரிக்கும். அம்மாவோ அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல, எங்கள் தாமான் குடியிருப்பின் நாய்களையெல்லாம் அதட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்வருவார்.

எனக்குப் பத்து வயதானபோது தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். பிரசவ விடுப்பில் போகிறவர், பதிலுக்கு வரும் ஆளுக்காகப் பாதைப் புத்தகத்தைச் சரியாக எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு, யார் குடிமாறிப் போனார்கள், எந்தக் கேட்டில் பெட்டி இல்லை, எங்கே கடிக்கிற நாய் என்று எல்லாம் அதில் இருக்கும். தெருவே தெரியாமல் வருகிறவருக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. அம்மாவின் புத்தகமோ போன மழைக்காலத்தில் நனைந்து, மை ஊறி, பாதி எண்கள் அழிந்து கிடந்தது. உட்கார்ந்து பிரதி எடுக்க அவருக்கு முதுகு இடம் கொடுக்கவில்லை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

பார்த்து எழுதினால் போதும் என்றுதான் அம்மா சொன்னார். எனக்கு அது போதவில்லை. அப்போது எனக்கு மதியப் பள்ளி. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்க்கக் கிளம்பிவிட்டேன். பதினேழாம் எண்ணில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. இருபத்து மூன்றில் பச்சைக் கேட் நீலமாகியிருந்தது. "குரைக்கும், கடிக்காது" என்று குறித்திருந்த நாய் சத்தமே போடாமல் வந்து என் செருப்பைக் கவ்விக்கொண்டு போனது. அதை "குரைக்காது, கடிக்கும்" என்று மாற்றினேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நீயே வேலைக்குப் போலாம் போலிருக்கே" என்றார். அதன் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வேகத்தில்தான் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு வந்தேன். "41. பூட்டியிருக்கும். எதிரே 44இல் ஆன்ட்டி கையில் கொடுக்கவும். பதினொரு மணிக்கு மேல்" என்று மலாயில் எழுதியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாயிற்று. வாசலில் லாலான் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஒரு வீட்டுக் கடிதத்தை இன்னொரு வீட்டில் கொடுக்கவே கூடாது என்று அம்மாவே எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி, தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று நானே முடிவுகட்டினேன். அந்த வரியை விட்டுவிட்டு, "41. கோசோங்" என்று அழகாக எழுதினேன். கோசோங் என்றால் காலி. காலி வீட்டுக் கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

அன்று மாலையே அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. அப்பா அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மறுநாள் புத்தகத்தைத் தபால் நிலையத்தில் கொடுத்தார். யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் விட்ட வரியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது தெரிய வந்தது பல வருடம் கழித்துத்தான். 44ஆம் எண் ஆன்ட்டியின் ஒரே மகள் பத்து பாகாட் நகருக்குத் துணித் தொழிற்சாலை வேலைக்குப் போய், அங்கே ஒரு சீனரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆன்ட்டியின் கணவர் அங்கிள், அந்த அக்காவின் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தொலைபேசி கூடத்தில், அங்கிளின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் அக்கா 41ஆம் எண் விலாசத்துக்கு எழுதுவார். பதினொரு மணிக்கு அங்கிள் கோப்பிக் கடைக்குப் போனதும் என் அம்மா அதை ஆன்ட்டி கையில் கொடுப்பார். அக்காவுக்குக் குழந்தை பிறந்த பிறகு உறைக்குள் படங்களும் வந்தன. பேரனை ஆன்ட்டி பார்த்ததெல்லாம் அந்தப் படங்களில்தான்.

தம்பி பிறந்து மூன்றாவது வாரம் ஆன்ட்டி பூண்டுக் குழம்பு கொண்டு வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, எனக்குக் கடுதாசி ஒண்ணும் வரலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் புத்தகத்துல எழுதி வச்சிருக்கேன் ஆன்ட்டி. எனக்குப் பதிலா வந்திருக்கிற பையன் ரொம்ப ஒழுங்கு. வந்தா கண்டிப்பா கொடுத்துருவான்."

"அப்போ அவ எழுதலைதான் போல" என்றார் ஆன்ட்டி. நான் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதில் ஆள் உண்மையிலேயே ஒழுங்கானவர். புத்தகத்தில் உள்ளபடி ஒன்றல்ல, மூன்று கடிதங்களைத் திருப்பி அனுப்பினார். மூன்றாவதும் திரும்பி வந்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தன் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போய், புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஏழாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலையில் காரில் வந்து இறங்கினார். கேட்டைத் தட்டிய தட்டில் தெருவே வெளியே வந்துவிட்டது. தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் வந்தார்.

கதவைத் திறந்தது அங்கிள். அக்கா கையில் கடிதங்களைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எங்கப்பா? அம்மாவுக்கு என்னாச்சு?" என்று அழுதார். அங்கிளுக்குப் பின்னால் ஆன்ட்டி கரண்டியோடு ஓடிவந்தார். அங்கிள் கடிதங்களைப் பார்த்தார், ஆன்ட்டியைப் பார்த்தார். கடைசியாகக் குழந்தையைப் பார்த்தார். அது அவருடைய மூக்கையே அச்சாக வைத்துக்கொண்டு, அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குக் கையை நீட்டியது.

அங்கிள் பேனாவை எடுத்து அதன் கையில் கொடுத்தார். பிறகு காருக்குப் பக்கத்தில் விறைத்து நின்ற மருமகனிடம், "மாசோக்லா. பானாஸ்" என்றார். உள்ளே வா, வெயில் என்று அர்த்தம். அவ்வளவுதான். அன்று பதினொரு மணிக்கு அவர் கோப்பிக் கடைக்குப் போகவில்லை, கோழி வாங்கச் சந்தைக்குப் போனார்.

அம்மா அந்த உறைகளை வாங்கிப் பார்த்தார். மூன்றிலும் பதில் ஆள் "கோசோங்" என்று குறித்திருந்தார். "புத்தகத்துல கோசோங்னு யாரு எழுதினது?" என்று அவர் கேட்டதும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தாம்மா. நீங்க தப்பா எழுதியிருந்தீங்க, நான் சரி பண்ணிட்டேன்" என்றேன். சிரிக்க ஆரம்பித்த அம்மா, தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவின் புத்தகத்தில் இருந்த ஒரே தவறைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பல வருடங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் அந்த ஏழு வாரங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்யும். தினமும் காலையில் நான் அந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டுவேன். பதினொரு மணிக்கு ஆன்ட்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பதில் ஆளின் மோட்டார் நிற்காமல் கடந்து போகும், அது மூலை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, "அம்மாவோட புத்தகமெல்லாம் நீதான் எழுதிக் கொடுத்தியாமே, கெட்டிக்காரி" என்பார். நானும் "ஆமா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டே போவேன்.