விமானத்துக்கு நாவூறு கழித்தது

கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் ஊரில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் தமிழன் ஒருவன், தன் வீட்டுக் கராஜில் விமானம் கட்டினான். பெட்டிகளில் வரும் பாகங்களைப் பொருத்திச் செய்கிற, இரண்டு பேர் அமரும் சின்ன விமானம். அந்த ஆசையை முதலில் சொன்னவன் நான்தான். கோப்பி இடைவேளைகளில் வருஷக்கணக்காக அவனிடம் அளந்துகொண்டிருந்தேன். அவன் சத்தமில்லாமல் பெட்டிகளை இறக்கிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போனேன். அவன் இறக்கைத் தகட்டில் வெளியிலிருந்து ரிவெட் ஆணி அடிப்பான். நான் உள்ளே கையை விட்டு இரும்புக்கட்டியால் முட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒழுங்காக அமர அமர எனக்கு எரிச்சல் கூடியது. ஒன்றாவது பிழையாய்ப் போகக் கூடாதா? போனால் ஆறுதல் சொல்வதற்குக்கூட ஆயத்தமாக இருந்தேன். இதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது.

எங்கள் சனத்தின் கண் பட்டுவிடுமென்று அவன் யன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருந்தான். கோல்டிங்கில் இருக்கும் சொந்தத் தமையனிடமே, "குசினிக்கு அலுமாரி செய்யிறன்" என்றுதான் சொல்லியிருந்தான். டெனிஷ்காரர் யாரும் வந்து பார்க்கலாம். அவர்களுடைய கண் கணக்கில் இல்லை.

விமானத்தை ட்ரெய்லரில் ஏற்றிய அன்று, அவன் மனைவி உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"அண்ணை, நீங்களே சுத்திப் போடுங்கோ. எங்களுக்கு ஒரு நல்லது நடந்தா உங்களைப்போல சந்தோசப்படுற ஆள் வேறை இல்லை."

கண்ணூறு, எங்கள் பேச்சில் நாவூறு, இல்லையென்றால் மிளகாய் நெடியில் எல்லோரும் இருமுவார்கள்; கண் பட்டிருந்தால் நெடியே வராது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் விமானத்தை மூன்று முறை சுற்றி வந்து கிரில் அடுப்பில் போடும்போது, எப்படியாவது நெடி வரட்டும் என்று கடவுளைக் கும்பிட்டேன்.

மிளகாய் கருகியது. ஒருவரும் இருமவில்லை. நான் மட்டும் வலிந்து இருமிப் பார்த்தேன்.

"பாத்தியளே, ஆரோ நல்லாய்க் கண் வைச்சிருக்கினம்!" என்றாள் அவள்.

"கோல்டிங் ஆக்களாய்த்தான் இருக்கும்" என்றேன்.

அவன் ட்ரெய்லர் பட்டியை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "அவையளுக்கு அலுமாரி எண்டெல்லோ சொன்னனான். எங்கடை ஆக்களிலை இதைக் கண்டது நீங்கள் மட்டும்தான், அண்ணை."