மாதிரிக் கிராமத்துப் பலகை

திருப்பதிப் பக்கத்து வெதுருகுப்பத்தை விட்டு வெளியே வந்ததும் சாலையை ஒட்டி அலர்மேல்மங்கையின் இரண்டு ஏக்கர் நிலம். அதுதான் அவளுக்கு வந்த வினை. கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்திருந்தால் அரசாங்கத்தின் கண்ணில் பட்டிருக்காது.

ஊரில் அவளை மங்கம்மா என்பார்கள். கணவர் சிவசங்கரன் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறைக்குக் காவலாளி. ஞாயிற்றுக்கிழமை வருவார், திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். வெள்ளாமை முழுக்க அவள் கையில்தான். ஒரு வருஷம் வேர்க்கடலை பிடுங்கும் நேரத்தில் மழை கொட்டி, காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டது. அடுத்த வருஷம் விதைத்த பிறகு மழையே இல்லை. சரி என்று தக்காளிக்கு மாறினாள். சித்திரை வெயிலில் பூ கருகி உதிர்ந்தது. அவள் யாரையும் குறை சொல்லவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் எல்லோரையும் சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி, பெயர் சொல்லி.

அந்தச் சமயத்தில்தான் விவசாய உதவியாளர் ஜெயபிரகாஷ் பைக்கில் வந்து நின்றார். பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் மாதிரிக் கிராமமாக அவர்கள் ஊர் தேர்வாகியிருக்கிறதாம்.

"எனுக்கு இன்னா சார் தருவீங்க?"

"எல்லாம் வரும்மா. நிழல்வலை, சொட்டுநீர்க் குழாய், வறட்சி தாங்குற விதை. மொதல்ல உங்க நில மூலையில ஒரு போர்டு நிறுத்தணும். ரோட்டுல போறவங்களுக்குத் தெரியற எடம் இதான்."

"வலை வரட்டும் சார், போர்டு அப்பால நிறுத்துங்க."

"போர்டு வெச்சாத்தாம்மா ஃபைல் நகரும்."

ஃபைல் நகர்ந்ததோ என்னவோ, போர்டு வந்துவிட்டது. இரும்புச் சட்டத்தோடு, வீட்டுக் கூரையைவிட உயரமாக, லாரியில் வந்தது. அரைகுறையாகக் குழி தோண்டி, பேருக்குச் சிமென்ட் போட்டு நட்டுவிட்டுப் போனார்கள். அதில் மங்கம்மா இரண்டு கைகளிலும் தக்காளி ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் அவளுடையது, தக்காளி யாருடையதோ. பின்னால் தெரிந்த பச்சை வயல் எந்த நாட்டில் இருக்கிறதென்று அதை ஒட்டியவனுக்கே தெரிந்திருக்காது. கீழே தெலுங்கில் பெரிய எழுத்தில், வானிலை மாறினாலும் வருமானம் மாறாது என்று போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரன் அதைப் படித்துப் பார்த்தார். "சரியாத்தான் எழுதிக்கிறாங்க. போன வருசமும் ஒண்ணும் வர்ல, இந்த வருசமும் ஒண்ணும் வர்ல."

டிசம்பரில் சூளூர்பேட்டைப் பக்கம் புயல் கரையேறியது. இங்கே மழையைவிடக் காற்றுதான் அதிகம். மங்கம்மாவின் தக்காளி அப்போது குச்சி கட்டி, காய் பழுக்கும் பருவத்தில் இருந்தது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். காற்று போர்டைப் பிடுங்கி நிலத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது. போன வழியெல்லாம் குச்சியும் செடியும் காயும் ஒன்றாக நசுங்கிக் கிடந்தன. புயல் விட்டுவைத்ததை அரசாங்கம் விட்டுவைக்கவில்லை.

சேறு காயாத காலோடு அலுவலகத்துக்குப் போனாள்.

"மழையில போச்சுன்னா எழுதலாம், காத்துல போச்சுன்னாலும் எழுதலாம்," என்றார் ஜெயபிரகாஷ். "போர்டு விழுந்து போச்சுன்னு எப்டிம்மா எழுதறது? அது நம்ம போர்டாச்சே."

"அப்போ காத்துன்னே எழுதுங்க."

"பக்கத்து நிலத்துல செடி நல்லா நிக்குதே. காத்து உங்களுக்கு மட்டும் தனியா அடிச்சுதான்னு மேல கேப்பாங்க."

மங்கம்மா திரும்பி வந்தாள். பக்கத்து நிலத்துக்காரி ரூபாவோடு சேர்ந்து சட்டத்திலிருந்து ஃபிளெக்ஸை அறுத்தெடுத்து, மாட்டுக் கொட்டகைமேல் போட்டுக் கட்டினாள். அந்தத் திட்டத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

பொங்கல் முடிந்ததும் ஜெயபிரகாஷ் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மாதிரிக் கிராமத்தைப் பார்க்க டில்லியிலிருந்து குழு வருகிறதாம்.

"போர்டு எங்கம்மா?"

"மாட்டுக்கு மேல கீது."

"அது கவர்மென்ட் சொத்து! கேஸ் ஆயிடும்!"

"போடு சார். போலீஸ் வந்து கேட்டா, கவர்மென்ட் சொத்துதான் என் பயிர துன்னுச்சுன்னு சொல்றேன்."

கேஸ் வரவில்லை. இரண்டே நாளில் சாலைத் திருப்பத்தில் புதுப் போர்டு வந்தது, அதே சிரிப்போடு. இத்தனை மாதமாக ஒரு வலை வாங்க முடியாதவர்களுக்கு, போர்டு செய்ய இரண்டு நாள் போதுமாக இருந்தது.

குழு வந்தது. மங்கம்மாவைப் புதுப் போர்டின் கீழே நிறுத்தினார்கள். குழுவுக்குத் தலைவியான அம்மாள் ஏதோ கேட்க, மங்கம்மா தெலுங்கில் தெளிவாகச் சொன்னாள்: வலை கேட்டேன், பலகை கொடுத்தார்கள், பலகை விழுந்து பயிர் போனது, இழப்பீடு கிடையாது என்கிறார்கள்.

ஜெயபிரகாஷ் அதை இந்தியில் சொன்னார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. நடுவில் 'பஹுத் குஷ்' என்ற சொல் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பதியில் பூ விற்றவள் மங்கம்மா. வடநாட்டு பக்தர்களிடம் பேரம் பேசிய இந்தி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ரொம்ப சந்தோஷம் என்று தன் பெயரில் சொல்கிறார் என்பது புரிந்துவிட்டது.

"குஷ் நஹி!" என்று கத்தினாள். "ஜூட்! பொய்!"

அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். யாரும் தடுப்பதற்குள் தன் நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மாளின் செருப்பு வாய்க்கால் சேற்றில் மாட்டியது. நசுங்கிய குச்சிகளையும், கவிழ்ந்து கிடந்த இரும்புச் சட்டத்தையும் மங்கம்மா காட்டினாள். குழுவில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டார். பிறகு சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கார்கள் திருப்பதிக்குக் கிளம்பின.

ஜெயபிரகாஷுக்கு இடமாற்றம் வந்தது. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்ததால் அவருக்கு வருத்தமில்லை. பயனாளிகளின் ஒத்துழைப்பு இல்லை என்று காரணம் காட்டி, ஊரை மாதிரிக் கிராமத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பயிர் இழப்புக்கு எழுதும் கெடு முடிந்துவிட்டதென்று புதிதாக வந்தவர் சொன்னார். சொல்லும்போது உட்காரக்கூடச் சொல்லவில்லை.

மங்கம்மா தக்காளியை விட்டுவிட்டாள். பாதி நிலத்தில் தீவனப்புல் போட்டு, இன்னொரு மாடு பிடித்து, காலையில் வேனுக்குப் பால் ஊற்றுகிறாள். மீதி நிலம் சும்மா கிடக்கிறது. சிவசங்கரன் ஞாயிற்றுக்கிழமைக் காவலையும் சேர்த்து ஒத்துக்கொண்டார். அதனால் இப்போது அவள்தான் சோறு கட்டிக்கொண்டு ரேணிகுண்டாவுக்கு பஸ் ஏறுகிறாள்.

போன வாரம் பட்டறை வாசலில் சாப்பிடும்போது அவர் கேட்டார்: "அந்த டில்லி அம்மா எதுனா பண்ணுச்சா?"

"பண்ணுச்சே. நான் கைய விட்டதும், கர்ச்சீப்பால தொடச்சிக்கினு போச்சு."

சிவசங்கரன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.