பயந்தவர்களிடம் விருப்பம் கேட்டவள்

கணக்கெடுக்கும் வேலை என்பது அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே நிற்கிற வேலை. படிவமும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு என் கால்வலி புரியும். ஆனால் ஓட்டர் லிஸ்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு மோராவது கிடைக்கும். நான் போனது எச்.ஐ.வி. ஆய்வுக்கு. எனக்குக் கிடைத்ததெல்லாம் பாதி திறந்த கதவுகள்தான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருப்பூரில். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நாலு வருஷம் நின்றுவிட்டு, தபாலில் படித்த பி.ஏ.வை நம்பி இந்த வேலைக்கு வந்தேன். நாங்கள் யாருக்கும் ஊசி போடவில்லை. ‘ரத்தப் பரிசோதனை செய்வதென்றால் எங்கே செய்துகொள்ள விருப்பம்? நோய் இருந்தால் எங்கே வைத்தியம் பார்க்க விருப்பம்?’ என்று கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் யார் பயப்படப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். யாருக்கு என்ன முடிவு வந்தது என்றும் கேட்காதீர்கள். சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கொடுத்த பை

சேர்ந்த அன்றே ஆபீஸில் ஒரு வெள்ளைத் துணிப்பை கொடுத்தார்கள். அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ரிப்பன் படம், எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னம். அதைப் பெருமையாகத் தோளில் மாட்டிக்கொண்டு வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டுக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறைகள், பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். குடியிருந்தவர்கள் பாதிக்கு மேல் தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எதிரே மாடி வீட்டில் சரசக்கா. அந்தப் பத்து அறைக்கும் அவர்தான் வீட்டுக்காரம்மா. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, பையைத்தான் பார்த்தார். பார்த்த வேகத்தில் இறங்கி வந்து வழியை மறித்துக்கொண்டார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். குரல் தணிந்துதான் வந்தது.

“ஏனுங் கண்ணு, அந்தப் பைய வெளியிலயே வெச்சுப்போட்டு வாங்க. இதோட நீங்க ஒரு ஊட்டுக்குள்ள போனீங்கன்னா, நாளைக்கு அந்தூட்டுப் புள்ளைய ஒருத்தரும் வெளையாட்டுக்குச் சேத்த மாட்டாங்க.”

ஐந்து அட்டைகள்

அதற்குப் பிறகு பையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பித்தான் மாட்டினேன். இன்னொரு வழக்கமும் வைத்துக்கொண்டேன். லைனில் மூன்று வீடுதான் ஆபீஸ் கொடுத்த பட்டியலில் இருந்தாலும் பத்து வீட்டிலும் உட்கார்ந்து எழுதுவேன். அப்போதுதான் எந்த வீட்டுக்காக வந்தேன் என்று யாருக்கும் தெரியாது. பேப்பரை வீணாக்குகிறேன் என்று சூப்பர்வைசர் திட்டினார். வெயிலில் ஏழு வீட்டை வீணாக ஏறி இறங்கியவள் நான், வயிற்றெரிச்சல் அவருக்கு.

கேள்வி கேட்பதற்குப் படம் போட்ட ஐந்து அட்டைகள் உண்டு. அரசு ஆஸ்பத்திரி, தனியார் லேப், கம்பெனி டாக்டர், நடமாடும் வேன், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது. மிகவும் பிடித்ததை மேலே வைத்து அடுக்கச் சொல்ல வேண்டும். திருப்பூர் ராயபுரத்தில் அயர்ன் மாஸ்டர் காஜா பாய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். அரசு ஆஸ்பத்திரியில் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களாம். லேப்பில் ஊசி போடுகிறவர் அடுத்த தெருக்காரராம். கம்பெனி டாக்டர் முதலாளிக்கு மச்சானாம். வேன் வந்து நின்றால் தெருவே எட்டிப் பார்க்குமாம். வீட்டுக்கு வந்து எடுப்பதற்குப் பதில் மைக் வைத்தே அறிவித்துவிடலாமாம். ஐந்து அட்டையையும் கவிழ்த்து என் மடியில் வைத்தார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

“ஆளே இல்லாத எடம்னு ஒரு அட்டை இருந்தாக் குடுங்க மேடம், அதை மேல வெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

மேனேஜரின் மரியாதை

ஒரு கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிலாளர்களிடம் பேச அனுமதி கிடைத்தது. பேசி முடித்துக் கிளம்பும்போது மேனேஜர் ஏ.சி. அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். பிறகு, எழுதின படிவங்களைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றார். படிவத்தில் பெயர் இருக்காது, நம்பர்தான். ஆனால் வயது, சொந்த ஊர், எந்த செக்‌ஷன் என்பதெல்லாம் இருக்கும். அந்தக் கம்பெனிக்குள் இருப்பவருக்கு அது போதும், ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கூட வந்தவர் முன்பே எடுத்துப் போய்விட்டார் என்று பொய் சொன்னேன். படிவங்கள் என் காலடியில், சாப்பாட்டுப் பைக்குள், டிபன் கேரியருக்கு அடியில் இருந்தன. டீயைக் குடிக்காமலே எழுந்தேன். அன்று அந்தப் படிவங்களில் புளிக்குழம்பு ஊறியதற்கு நான் திட்டு வாங்கியது தனிக்கதை. கதவு வரை வந்து வழியனுப்பிய மேனேஜர் சொன்னதுதான் ராத்திரியெல்லாம் காதில் கேட்டது.

“நாங்க யாரையும் வேலைய உட்டு நிறுத்த மாட்டமுங்க. யாரு என்னன்னு தெரிஞ்சுதுன்னா, அவிங்களே நின்னுக்குவாங்கல்லங்க.”

இரண்டாம் முறை

சரசக்காவின் லைனில் ஆறாவது அறை ஜெயராணியுடையது. பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர், தூத்துக்குடிப் பக்கம். கணவர் முந்தைய வருஷம் இறந்துபோனார். டி.பி. என்று ஊரில் ஜெயராணி சொல்லியிருந்தார். மூன்றாவது படிக்கும் ஒரு மகள். நான் அட்டைகளை எடுத்ததுமே, “அதெல்லாம் இருக்கட்டும்க்கா, எனக்குப் பாக்கணும். இந்த ஊர்ல வேண்டாம்” என்றார். கோயமுத்தூரில் ஒரு பரிசோதனை மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வழக்கமாக எல்லோருக்கும் சொல்கிற மாதிரி, “புதன்கிழமை போங்க, கூட்டம் இருக்காது” என்றும் சொன்னேன். சீட்டை பைபிளுக்குள் வைத்தார். மூன்று புதன்கிழமை கழிந்தும் அவர் போகவில்லை. தனியாகப் போகப் பயம்.

எங்கள் ஆய்வில் ஒரு விதி. பதில் மாறுகிறதா என்று பார்க்கச் சிலரிடம் மட்டும் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். அந்தச் சிலரில் ஜெயராணி இருந்தார். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து வீட்டையும் யார் ஏறி இறங்குவது என்று சோம்பல் பட்டு, ஆறாவது கதவை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பினேன். குழாயடியில் சரசக்கா நின்றிருந்தார். அந்த வீட்டுக்கு மட்டும் இரண்டாம் தடவை எதற்கு என்று கேட்டார். ஒரு கேள்வி விட்டுப்போச்சுங்க என்றேன். ஒன்பது வீட்டில் விட்டுப்போகாத கேள்வி ஒரு வீட்டில் மட்டும் எப்படி விட்டுப்போகும்?

நாலாம் நாள் ஜெயராணி காயின் போனிலிருந்து ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மாசக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். காரணம் தெரிந்தால் அடுத்த லைனில் யாரும் அறை தர மாட்டார்கள், கம்பெனிக்கும் சேதி போய்விடும்.

“நீங்க கதவத் தட்டாம இருந்தா நான் பாட்டுக்கு இங்கனயே கெடந்திருப்பேன்க்கா. இப்ப பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போவேன், நீங்களே சொல்லுங்க.”

பதினோராவது வீடு

மறுநாள் காலையிலேயே போய்ப் பத்து அறையையும் தட்டினேன். “எல்லாரையும் ரெண்டாம் தடவை கேக்கணும்னு உத்தரவு” என்று குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். போதாதென்று மாடி ஏறிச் சரசக்கா முன்னாலும் ஐந்து அட்டையைப் பரப்பினேன். அவர் அசையவில்லை. “நீங்க எத்தனை ஊட்டுக்குப் போனாலும், காலி பண்றது பண்றதுதானுங்க. கொழந்தகுட்டிக இருக்கற எடம்” என்றார். என் பொய் எடுபடவில்லை என்று தெரிந்தது. அட்டைகளைப் பொறுக்கினேன்.

அவர் எழுந்துபோய்ப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய கணவர் நூல் லாரி ஓட்டுகிறவர், பம்பாய்க்குப் போனால் இருபது நாள் ஆகும். இரண்டு மாதமாக அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம், உடம்பு பாதியாகிவிட்டதாம். சொல்லும்போது சரசக்காவின் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. கோயமுத்தூர் மையத்தைப் பற்றி வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். இடம், பஸ், புதன்கிழமை, எல்லாம். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான் என்றேன். அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“இதெல்லாம் குடியிருக்கறவிங்களுக்கு மட்டுந்தானுங்களா, இல்ல ஊட்டுக்காரிகளும் போலாமுங்களா?”

புதன்கிழமை

அடுத்த புதன்கிழமை ஜெயராணிக்குத் துணையாக நானே கிளம்பினேன். விதிப்படி கூடாதுதான். ஆனால் குடியைக் கெடுத்தவள் நான். பஸ்ஸில் தெரியாதவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி உட்கார்ந்து போனோம். மையத்தின் நடையில் ஒரே ஒரு பெஞ்ச். அதில் ஒரே ஒருவர், முக்காடு போட்டுக்கொண்டு. காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். சரசக்கா!

எல்லோருக்கும் ஒரே கிழமையைச் சொல்லி அனுப்பிய என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். ஜெயராணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஜெயராணிக்குச் சரசக்கா வீட்டுக்காரம்மா. ஆனால் சரசக்காவின் மானம் இந்த நிமிஷம் ஜெயராணி கையில். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் இரண்டு குடும்பமும் போச்சு. பிறகு சரசக்கா முக்காட்டை இறக்கினார். நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

“வந்து உக்காரு கண்ணு. ஊட்டைக் காலி பண்ணவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். யாராச்சும் கேட்டா, நாம ரெண்டு பேரும் கோயமுத்தூருக்குச் சீல எடுக்க வந்தோம்.”

அவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்த நர்ஸ், “வந்தது வந்துட்டீங்க, நீங்களும் பாத்துக்கறீங்களா?” என்று என்னைக் கேட்டதும், ஊரெல்லாம் விருப்பம் கேட்டு எழுதிய நான் தலைவலிக்கிறது, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று வெளியே நடந்ததுதான், வேறு எந்த அறிக்கையிலும் வராத என் ஆய்வின் முடிவு.